நான் கிளம்பினால் தூங்கிவிடும் லேப்டாப்

கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் குனிந்து வேலை பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பெஞ்சை உங்களிடம் விட்டுவிட்டு எழுந்தேன். ஞானம் வந்து எழுந்ததாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கடைப்பக்கம் வரும்போதெல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டு, "அண்ணே, பழைய கதை ஏதாவது சொல்லுங்க" என்கிறீர்கள். நான் ஜெயித்த கதைகளையே சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அதில் பாதி நான் ஜோடித்தது என்பது என் வீட்டம்மா மும்தாஜுக்குத் தெரியும். அவள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் அவற்றைச் சொல்வேன், கவனித்திருப்பீர்கள்.

இது வேறு கதை. இதை மும்தாஜ் பக்கத்தில் இருக்கும்போதுகூடச் சொல்லலாம். சொன்னால் அவள்தான் நடுவில் புகுந்து மீதியைச் சொல்வாள்.

அதற்கு முன்னால் என் பதற்றத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன். சிலருக்குப் பதற்றம் வந்தால் வேர்க்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு விரல் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். மூளை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடும். விரல்கள் வெளியே நின்று கடையை நடத்தும். அந்த நேரத்தில் பார்க்கிறவர்களுக்கு நான் பெரிய கில்லாடி மாதிரித் தெரிவேன். கீபோர்டு சடசடவென்று பேசும், திரையில் எழுத்து ஓடும், பின்னால் நிற்கிற ஆள் "அடேயப்பா" என்பார். உள்ளே ஆள் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டிக்காரரின் பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் சிஸ்டம் போட்டுக் கொடுக்கப் போயிருந்தேன். எல்லாம் ஓடியது, வைஃபை மட்டும் எடுக்கவில்லை. வெளியே கேரளா லாரிகளில் தக்காளி ஏறிக்கொண்டிருந்தது, உள்ளே நான் வைஃபையை ஓட்டுகிற சாப்ட்வேரை டிரைவர் மேல் டிரைவராக ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் லோடு முடிந்து தார்ப்பாய் கட்டிவிட்டார்கள். என் லோடு முடியவில்லை. பொழுது போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மண்டிக்காரர், "ஏனுங்க, இந்த ஓரத்துல ஒரு சின்ன சுவிட்ச் இருக்குதுங்களே, இது எதுக்குங்க?" என்று கேட்டுக்கொண்டே அதைத் தள்ளினார். வைஃபை வந்துவிட்டது. நான் நிதானமாக, "டிரைவர் ஏறுனதுனாலதாங்க இப்ப அந்த சுவிட்ச் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு மோர் குடித்தேன். அவர் தலையாட்டினார். நம்பித்தான் தலையாட்டினாரா என்று இன்றுவரை தெரியாது.

அது சின்ன ஊறுகாய். சோறு இனிமேல்தான்.

நசீமா பேகம்பூர்ப் பெண். நம் கடையிலிருந்து நாலு தெரு தள்ளி, பள்ளிவாசலுக்குப் பின்னால் வீடு. மாப்பிள்ளை சவுதியில் இருந்தார். இங்கே நசீமாவும் அவள் அம்மாவும் மட்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்தவள், அப்புறம் விட்டுவிட்டாள். மறுபடியும் வேலைக்குப் போக ஆசைப்பட்டு நிறைய இடத்துக்கு எழுதிப் போட்டு, ஒன்றும் அமையவில்லை. கடைசியில் சென்னைக் கம்பெனி ஒன்று கிடைத்தது. பேச்சைக் காதில் கேட்டுத் தமிழில் தட்டிக் கொடுக்கிற வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் ஒரு வாரம் சோதனை. அந்த வாரத்துக்குள் ஒரு நீளமான பேச்சைப் பிழையில்லாமல் தட்டி முடிக்க வேண்டும். வேலை நேரத்தில் நடுநடுவே காணாமல் போகக் கூடாது. கம்பெனியின் பக்கத்தில் எல்லார் பேருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும். ஆள் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. மேற்பார்க்கும் மேடம் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

புது லேப்டாப் வாங்குகிற நிலைமை இல்லை. கோயம்புத்தூருக்குப் போய்விட்ட தம்பி விட்டுப்போன பழையது ஒன்று பீரோவுக்கு மேலே கிடந்தது. ஆன் செய்துவிட்டு அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்தால் அப்போதுதான் முகப்பு வரும். அம்மாவும் மகளும் அதைத் துணிப்பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

பழைய மெஷின் என்றால் நமக்கு ஒரே வைத்தியம்தானே. இருக்கிற பாரத்தையெல்லாம் இறக்கிவிட்டு எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டேன். சவுண்டு கொஞ்சம் முரண்டு பிடித்தது. கேமரா நசீமாவைத் தலைகீழாகக் காட்டியது, சீலிங் ஃபேனைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி. அதையும் நிமிர்த்தினேன். வேலை முடிந்ததும் லேப்டாப் இளங்கன்றாகத் துள்ளியது. நசீமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவே போட்டேன். அவள் முகத்தை அல்ல, லேப்டாப்பின் முகத்தை. கீழே "பழசும் பறக்கும்" என்று ஒரு வாசகம்.

சோதனை வாரத்தின் முதல் நாள் பதினோரு மணி வாக்கில் போன்.

"அண்ணே, தூங்கிருது."

"யாரும்மா?"

"லேப்டாப்புதாண்ணே. தட்டிக்கிட்டே இருக்கேன், பொசுக்குன்னு இருட்டாகிப் படுத்துருது. எழுப்பினா எந்திரிக்குது, உடனே திரும்பப் படுத்துருது. என் பேருக்குச் செவப்புப் புள்ளி வந்துருச்சு."

உடனே கொண்டுவரச் சொன்னேன். அம்மாவோடு கொண்டுவந்தாள். பெஞ்சில் வைத்து அவளையே உட்கார்ந்து தட்டச் சொன்னேன். தட்டினாள். தூங்கவில்லை. மதியம் லுஹர் பாங்கு சொல்கிறவரை தட்டினாள், அது கண் சிமிட்டவே இல்லை. "புது இடம்னா பிள்ளைகளுக்குத் தூக்கம் வராதுல்ல, அது மாதிரி" என்று ஒரு ஜோக் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் போன். படுத்துவிட்டது.

மறுநாள் நானே வீட்டுக்குப் போனேன். கரண்டு வோல்டேஜாக இருக்கும் என்பது என் ஊகம். முன்னறையில் உட்கார வைத்தார்கள். நசீமா ஹிஜாப்பைக் கட்டிக்கொண்டு லேப்டாப்பை வெளியே எடுத்துவந்து என் எதிரிலேயே வேலை பார்த்தாள். டீ வந்தது, குடித்தேன். முறுக்கு வந்தது, தின்றேன். இன்னொரு டீ வந்தது. லேப்டாப் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டிருந்தது. சார்ஜர் ஒயரை மாற்றிக் குத்திவிட்டு, "சரியாப் போச்சு" என்று எழுந்தேன். தெருமுனையில் ஸ்கூட்டரை உதைக்கிறேன், போன் அடிக்கிறது.

திரும்பிப் போனேன். மறுபடி முழித்துக்கொண்டது. நசீமாவின் அம்மா வாசலில் நின்று என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, நீங்க வந்தா முழிச்சுக்குது, போனா படுத்துக்குது. பேசாம உங்கள ஒரு போட்டோ எடுத்து முன்னாடி வச்சிரட்டுமா?"

சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. விரல் நுனி அரிக்க ஆரம்பித்துவிட்டது. அந்த அரிப்பு வந்தால் நான் என்ன செய்வேன் என்று சொன்னேனே.

அன்று ராத்திரி அவளிடம் போனில் துருவித் துருவிக் கேட்டேன், எப்போதாவது தூங்காமல் இருக்கிறதா என்று. யோசித்துச் சொன்னாள். காலையில் மேடம் எல்லாரையும் கேமராவில் கூப்பிட்டுப் பேசும்போது தூங்குவதில்லை, அது முடிந்து வேலையில் உட்கார்ந்தால்தான் தூங்குகிறது. எனக்குப் பொறி தட்டியது. கேமரா ஓடினால் மெஷின் விழித்திருக்கிறது. அப்படியென்றால் கேமராவை நிறுத்தாமல் ஓடவிட்டால் போதும். யாருக்கும் படம் போகாது, விளக்கு மட்டும் எரியும். என் இடத்திலிருந்தே நெட் வழியாக அவள் லேப்டாப்புக்குள் புகுந்து, ஆன் ஆனதிலிருந்து அணைக்கும்வரை கேமரா தானாக ஓடுகிற மாதிரி ஒன்று எழுதிப் போட்டேன்.

வேலை செய்தது. சத்தியமாக வேலை செய்தது. மறுநாள் காலை முழுக்க ஒரு தடவைகூடத் தூங்கவில்லை. நான் பரோட்டாக் கடைக்குப் போய் உட்கார்ந்து, கேமராவுக்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினேன். அவர் தோல் கிடங்கில் வேலை பார்ப்பவர். பாவம், சால்னாவில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனார்.

சாயங்காலம் போன். படுத்துவிட்டது. கேமரா ஓடுகிறதா என்றேன். ஓடுகிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கிற மாதிரிச் சங்கடமாக இருந்ததால் மதியத்துக்கு மேல் அதன்மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிவிட்டதாகச் சொன்னாள். பிளாஸ்திரிக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. ஆனால் என் விரல்களுக்கு அந்தக் கவலை கிடையாது. கேமரா போதவில்லை, மைக்கையும் சேர்த்து ஓடவிட்டுப் பார் என்றன. ஓடவிட்டேன். அடுத்து பேட்டரி பற்றிய நாலு செட்டிங்கை மாற்றினேன். அதற்கடுத்து என்ன மாற்றினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

மெஷின் தான் செய்வதையெல்லாம் உள்ளே எழுதி வைக்கும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த மகானாகிய நானே அதைக் கடைசியாகத்தான் திறந்து பார்த்தேன். அதில் பளிச்சென்று இருந்தது: மூடி மூடப்பட்டது. தூங்கப் போகிறேன். மறுபடியும்: மூடி மூடப்பட்டது. தூங்கப் போகிறேன்.

நான் போனை எடுத்து, "நசீமா, வேலைக்கு நடுவுல லேப்டாப்ப நீ மூடுறியாம்மா?" என்று கேட்டேன்.

"நான் ஏண்ணே மூடப்போறேன்? மேடமும் நான் எந்திரிச்சு எந்திரிச்சுப் போறேன்னுதான் சொல்றாக. நான் எங்கயும் போகலண்ணே. உக்காந்த எடத்துலதான் இருக்கேன்."

தம்பிகளா, தங்கச்சிகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மெஷின் மூடியது என்கிறது. ஆள் மூடவில்லை என்கிறாள். உடனே நமக்கு நீதிபதி ஆசை வந்துவிடும். இரண்டு பேரில் ஒருத்தர் பொய் என்று முடிவு கட்டி யாரென்று தேட ஆரம்பித்துவிடுவோம். நானும் அப்படித்தான். நசீமா பொய் சொல்லமாட்டாள், ஆகவே மெஷின்தான் பொய்யன் என்று தீர்ப்புச் சொன்னேன். மூடி என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடு, யார் மூடினாலும் தூங்காதே என்று கட்டளை போட்டேன். அதன்பின் அது தூங்கவில்லை. திரை மட்டும் இருட்டாகியது. உள்ளே வேலை ஓடிக்கொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. கல்யாண மண்டபத்தில் கரண்டு போன பின்னும் பந்தி நடக்கிற மாதிரி. முன்பாவது எழுப்பினால் கொஞ்ச நேரம் முகம் காட்டியது. இப்போது அதுவும் போச்சு.

இப்படியாகச் சனிக்கிழமை வந்துவிட்டது, சோதனையின் கடைசி நாள்.

காலையில் நசீமா கூப்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளித்திருப்பேன். ரொம்ப நிதானமாகப் பேசினாள். "இன்னைக்கு சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள அனுப்பணும்ணே. பாதிக்கு மேல முடிச்சிட்டேன். அனுப்பாட்டி வேற ஆளு பாத்துக்கிறோம்னு சொல்லிட்டாக. உங்களால முடியலைன்னாலும் பரவால்லண்ணே, முன்னாடியே சொல்லிருங்க." அவ்வளவுதான்.

பரவாயில்லை என்ற அந்த ஒரு வார்த்தை என்னைக் கொன்றுவிட்டது. மூளை தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற சத்தம் என் காதிலேயே கேட்டது. "கொண்டா, எல்லாத்தையும் அழிச்சுட்டு வேற லினக்ஸ் போட்டுத் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் பென்டிரைவைத் தேட ஆரம்பித்தேன். பென்டிரைவ் என் கையிலேயே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மேசையின் மூன்று இழுப்பறையையும் கவிழ்த்தேன்.

அப்போது மும்தாஜ் கடையில் இருந்தாள். வீட்டில் மறந்துவிட்டு வந்த என் மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க வந்தவள். கண்ணாடியை நீட்டிக்கொண்டு செத்த நேரம் என்னை வேடிக்கை பார்த்தாள்.

"அழிச்சுட்டுப் போட்டா சரியாயிருமா?"

"போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"ஆகலைன்னா?"

"வேற ஒண்ணு போடலாம்."

"நீங்க ஒண்ணு ஒண்ணாப் போட்டு முடிக்கிறதுக்குள்ள அஸர் பாங்கு சொல்லிருவாக. அந்தப் புள்ள முடிச்சு வச்ச பாதியும் அதுக்குள்ளதான இருக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. பதற்றத்தில் இருப்பவனிடம் சரியான கேள்வி கேட்டால் வருகிற கோபம். "அப்ப நீயே வந்து பாரு" என்றேன். அவள் நிஜமாகவே வந்துவிட்டாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, "மெதுவாப் போங்க, லேப்டாப்புதான் தூங்குது, எதிர்ல வர்ற லாரி முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்று வழி முழுக்க ஓதிக்கொண்டே வந்தாள்.

நசீமா வீட்டில் மும்தாஜ் நேராகத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். நானும் எழுந்தேன். "நீங்க உக்காருங்க. நீங்க வந்தா அது முழிச்சுக்குமாம்ல. தூங்குறத நான் பாக்கணும்" என்றாள். அதில் நியாயம் இருந்தது. முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் பூப்போட்ட ஒரு துணித்திரை. கையில் கீபோர்டு இல்லை. விரல்களுக்கு வேலை இல்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது. லேப்டாப் முழித்திருந்தது. மும்தாஜ் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டாள். நசீமா பதில் சொல்லாமல் தட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மும்தாஜின் குரல்: "ஏ புள்ள, இந்தப் புழுக்கத்துல எதுக்கு இதக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க? அவுக வெளியதான இருக்காக. கழட்டிப் போட்டுட்டு உக்காரு." நாற்காலி நகர்கிற சத்தம். செம்பு வைக்கிற சத்தம். மறுபடி தட்டுகிற சத்தம் ஆரம்பித்து, நாலு எழுத்தில் நின்றது.

"ஏங்க, இருட்டாயிருச்சு."

எழுந்தேவிட்டேன். விரல்கள் எனக்கு முன்னால் கிளம்பின. ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் போக முடியாது. நசீமா ஹிஜாப்பைக் கழற்றியிருக்கிறாள். திரும்ப உட்கார்ந்தேன். செய்ய ஒன்றும் இல்லாததால் வேறு வழியில்லாமல் யோசித்தேன். இத்தனை நாளும் நான் கேட்டதெல்லாம் லேப்டாப் என்ன செய்தது என்றுதான்.

"மும்தாஜ், லேப்டாப்ப விடு. இருட்டாகுறதுக்கு முன்னாடி நசீமா என்ன செஞ்சுச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு."

"அது பாவம் என்னத்தச் செஞ்சுச்சு? எந்திரிச்சுச்சு. பின்னக் கழட்டி லேப்டாப்பு ஓரத்துல வச்சுச்சு. துப்பட்டாவக் கொடியில போட்டுச்சு. தண்ணி குடிச்சுச்சு. உக்காந்துச்சு."

"எந்தப் பின்னு?"

"துப்பட்டாப் பின்னுங்க."

"ஊக்கா?"

"ஊக்க யாரு இப்பக் குத்துறா, துணி கிழிஞ்சுபோகும். காந்தம்ங்க, ரெண்டு வில்லையா இருக்கும், நடுவுல துணிய வச்சா ஒட்டிக்கும். நம்ம வீட்டுல கழட்டுனா ஃப்ரிட்ஜுல ஒட்டி வைக்கிறேன்ல, அது."

மும்தாஜ் இன்றும் சொல்வாள். நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்ததாம், பால் குக்கர் விசில் அடிக்கப் போகிற மாதிரி.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூடியின் ஓரத்தில் ஒரு காந்தம். கீழே, கை வைக்கிற இடத்தின் ஓரத்தில் அதை உணர்கிற ஒரு சென்சார். காந்தம் பக்கத்தில் வந்தால் மூடியாகிவிட்டது என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அந்தச் சென்சாரை நானே எத்தனையோ லேப்டாப்பில் மாற்றியிருக்கிறேன். ஆனால் மூடியின் வேலையைத் துப்பட்டாப் பின் பார்க்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"அந்தப் பின்ன எடுத்துத் தூர வைங்க" என்றேன். வைத்தார்கள். லேப்டாப்பில் வெளிச்சம் வந்துவிட்டது என்றாள் மும்தாஜ். "திரும்ப வைங்க." இருட்டு. எடுத்தால் வெளிச்சம், வைத்தால் இருட்டு. நசீமாவின் அம்மா இதற்குள் விளையாட்டில் சேர்ந்து தானே வைத்து வைத்து எடுத்துப் பார்த்தார். "அல்லாவே, இந்தப் பொட்டுக்காந்தமா இம்புட்டு நாளும் எம்மவளப் பாடாப் படுத்துச்சு" என்றார்.

அப்போதுதான் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தது. எங்கே வைத்தாலும் அந்தப் பின் உருண்டு ஓடிக் காணாமல் போய்விடுமாம். லேப்டாப்பின் வலது ஓரத்தில் வைத்தால் மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுமாம், அதனால் அங்கேதான் வைப்பாளாம். கடைக்கு வந்தபோது ஹிஜாப் தலையில், பின் கழுத்தில். நான் வீட்டுக்கு வந்தாலும் அப்படியே. மேடம் கேமராவில் கூப்பிட்டாலும் அப்படியே. நான் கேமராவை ஓயாமல் ஓடவிட்டபோது, யாரும் பார்க்கவில்லை என்று நான் சொல்லியும் மனசு கேட்காமல் காலை முழுக்க அந்தப் பெண் ஹிஜாப்போடு உட்கார்ந்திருக்கிறாள். பிளாஸ்திரி ஒட்டியதும் கழற்றிவிட்டாள். நான் பரோட்டாக் கடையில் விளக்கியது எல்லாம் கேமராவின் பெருமை அல்ல, துப்பட்டாவின் பெருமை.

மூடப்பட்டது என்று மெஷின் சொன்னது உண்மை. மூடவில்லை என்று நசீமா சொன்னதும் உண்மை. அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனால் அதிகம் இல்லை. மும்தாஜ் பின்னைக் கொண்டுபோய்ப் பீரோக் கதவில் ஒட்டினாள். "தட்டு புள்ள" என்று சொல்லிவிட்டு முன்னறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே சோளம் பொரிகிற மாதிரி ஓயாமல் சத்தம். நடுவில் ஒருதரம் நின்றது. என் கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் மறுபடி பொரிய ஆரம்பித்தது.

பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் நசீமா துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். "அனுப்பிட்டேன்" என்றாள். அம்மாதான் அழுதார். நசீமா என்னைப் பார்த்து, "மூடலைன்னு சொன்னேன்லண்ணே" என்றாள். "சொன்னம்மா, நான்தான் கேக்கல" என்றேன். அதற்கு மேல் ஜோக் ஒன்றும் வரவில்லை.

திங்கட்கிழமை மேடமிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது. வேலை சுத்தமாக இருக்கிறது, ஆனால் அடிக்கடி எழுந்து போய்விடுகிறீர்களே, என்ன காரணம் என்று கேட்டிருக்கிறார். நசீமா ஒளிக்காமல் பின் கதை முழுவதையும் சொல்லியிருக்கிறாள். அதற்கு மேடம், "இப்படி ஒரு காரணத்த யாராலயும் கற்பனையா சொல்ல முடியாதும்மா, நாளையிலருந்து வேலைக்கு வந்துருங்க" என்றாராம். எனக்கு ஒரு டப்பா நிறைய அல்வா வந்தது. மும்தாஜுக்கு அதைவிடப் பெரிய டப்பா. அதுதான் நியாயம், வைத்துக்கொள்ளட்டும்.

உங்களுக்கு இதில் நான் சொல்ல வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் முன்னால் நன்றாக ஓடுகிற மெஷின் வீட்டில் ஓடவில்லை என்றால், அந்த வீட்டை விசாரியுங்கள். அதன் முன்னால் யார் உட்கார்கிறார்கள், உட்காரும்போது எதைக் கழற்றுகிறார்கள், எதை எங்கே வைக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்களிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள் என்றால், சொல்லக்கூடிய ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். விரல் அரிக்கும்போது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல இடம். ஒன்றைச் செய்ததும் சரியாகிவிட்டது என்பதற்காக, அதனால்தான் சரியானது என்று பரோட்டாக் கடையில் போய்ச் சொல்லாதீர்கள்.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து நசீமா கடைக்கு வந்தாள். முதல் சம்பளத்தில் வாங்கிய புதுப் பையில் லேப்டாப். வேலையெல்லாம் நன்றாகப் போகிறது, ஒரு தடவைகூடத் தூங்கவில்லை என்றாள். எனக்கு ஒரே பெருமை.

"ஆனா அண்ணே, வேற சில கோளாறு வந்திருக்கு" என்று இழுத்தாள். "மூடி வச்சாலும் தூங்கவே மாட்டேங்குது. பைக்குள்ளயே கொதிக்குது, பேட்டரி காலியாயிருது. ஆன் பண்ணதும் கேமரா வெளக்கு தானா எரியுது. மைக்கும் தானா ஓடுது. புதுசா ஏதோ வைரஸ் வந்துருச்சாண்ணே?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மும்தாஜ் என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

"வைரஸ் இல்ல புள்ள" என்றாள் மும்தாஜ். "நோயி போயிருச்சு, இவுக குடுத்த மருந்துதான் இன்னும் போகல."

அந்த வாரம் முழுக்க நான் எதையெல்லாம் மாற்றினேன் என்று தேடித் தேடிக் கழற்றி எடுத்தேன். கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. எழுதி வைத்திருந்தால்தானே. ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க மும்தாஜ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியாக ஒன்றைக் கழற்றிவிட்டு மூடியை மெதுவாக மூடினேன். சத்தமில்லாமல் தூங்கிப்போனது.